மண்டபம் இருக்கிறது, வகுப்பு இல்லை

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரைக் கரும்பு ஊர்களின் கோயில் அறங்காவலர் குழுக்களுக்கும், தமிழ்ச் சங்கங்களுக்கும், அவற்றுக்கு வாரிக் கொடுக்கும் அன்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். வடக்கே வெருலம், டொங்காட், ஸ்டாங்கர்; தெற்கே உம்சிண்டோ, போர்ட் ஷெப்ஸ்டன். இந்த ஊர்களிலும் இவற்றைச் சுற்றிய கரும்புக் காட்டுக் குடியிருப்புகளிலும் பரதமும் மிருதங்கமும் பாட்டும் கற்றுக்கொடுக்கிறவர்கள், வாத்தியம் பழுது பார்க்கிறவர்கள், இந்த வகுப்புகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்க வந்தது ஒன்றே ஒன்று: அடுத்த மூன்று ஆண்டுகளுக்குக் கட்டடத்துக்குக் கொடுப்பதை நிறுத்தி வையுங்கள். அந்தப் பணத்தை வகுப்பின் நடப்புச் செலவுக்குத் திருப்புங்கள்.

கொடை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆடியில் மாரியம்மன் கஞ்சிக்கும், புரட்டாசிச் சனிக்கும், தைப்பூசக் காவடிக்கும் பணம் தானாக வருகிறது. வந்த பணம் ஓடு, சுற்றுச்சுவர், குளிர்சாதனம், வாசலில் பெயர் பொறித்த கருங்கல் என்று போய்ச் சேர்கிறது. கல்லில் பெயர் நிற்கும். புதன்கிழமை மாலை நாலு மணிக்கு வந்து போகும் ஆசிரியரின் சம்பளத்தில் யார் பெயரும் நிற்காது. ஆசை இயல்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் விளைவு கண்முன் இருக்கிறது: பூட்டிய மண்டபம், அலமாரியில் தோல் கிழிந்த நான்கு மிருதங்கம், சனிக்கிழமை தவறாமல் கல்யாண வாடகை.

ஒரு வகுப்பு ஓர் ஆண்டு நடக்க என்ன ஆகும்? எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போடுகிறோம். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளியின் நான்கு பருவத்தையும் ஒட்டி 40 வாரம். வாரம் இரண்டு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு நடன வகுப்பு, ஒரு மிருதங்க வகுப்பு. மொத்தம் 160 வகுப்பு. வகுப்புக்கு 400 ரேண்ட் வீதம் ஆசிரியர் ஊதியம் 64,000. பிள்ளைகளைக் கொண்டுவந்து திரும்ப விட ஒரு கோம்பி (சிறு வேன்), 80 நாள், நாளுக்கு 500 என்றால் 40,000. தோல், வார், சலங்கை, ஹார்மோனியப் பழுது 8,000. மின்சாரம், காப்பீடு, வங்கிக் கட்டணம், கணக்குச் சரிபார்ப்பு 14,000. கூட்டினால் 1,26,000 ரேண்ட், அதாவது மாதம் 10,500. மாதம் 100 ரேண்ட் தர 105 குடும்பம் போதும். இந்தியாவிலிருந்து ஒரு மேளக் குழுவைத் திருவிழாவுக்கு வரவழைக்க எவ்வளவு செலவழித்தீர்கள் என்று உங்கள் பழைய கணக்கேட்டைப் புரட்டி, இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் பலர் முதலில் வெட்டுவது கோம்பிச் செலவைத்தான். வெட்டாதீர்கள். டர்பனின் புறநகரில் பிள்ளைகள் நடந்தே வந்துவிடுவார்கள். கரும்புப் பகுதியில் அப்படி இல்லை. ஐந்தரை மணிக்கு வகுப்பு விட்டால் குளிர்காலத்தில் இருட்டிவிடும், டாக்சி கிடைக்காது. வண்டி நின்ற மாதமே வருகை பாதியாகும், அடுத்த பருவத்தில் வகுப்பே நின்றுவிடும். யாராவது பக்கி என்ற சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றி வந்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைச் சரக்குப் பகுதியில் ஏற்றுவதற்கு 2017 மே முதல் தடை இருக்கிறது. விபத்து நடந்தால் காப்பீடும் கைவிடும். உரிமம் உள்ள வண்டி, உரிமத்தின் நகல் உங்கள் கோப்பில், மாதாமாதம் வங்கி வழியாகப் பணம் என்று இருக்கட்டும்.

கட்டடத்துக்கு வேண்டாம் என்றோம். ஒரே ஒரு விலக்கு, தரை. நம் மண்டபங்கள் பெரும்பாலும் கான்கிரீட் தளத்தின்மேல் ஒட்டிய ஓடு. கழுவ வசதி, கல்யாணத்துக்கு அழகு. அதே தரையில் எட்டு வயதுப் பிள்ளை வெறுங்காலால் தட்டடவு ஆடினால், ஒவ்வொரு தட்டின் அதிர்ச்சியும் குதிகாலிலும் கெண்டைக்கால் எலும்பிலும் திரும்பி ஏறும். இரண்டு மூன்று ஆண்டில் முழங்கால் வலி என்று வகுப்பை விட்டுப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் தரை என்பதே எங்கள் கணிப்பு.

தச்சர் ஒருவரும் இரண்டு உதவியாளரும் இருந்தால் செய்துவிடக்கூடிய வேலை இது. 6 மீட்டருக்கு 8 மீட்டர் இடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கான்கிரீட்டின்மேல் 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு, ஓரங்களில் சுவரில் ஏறும்படி. ஈரம் கீழிருந்து வராமல் இருக்க. அதன்மேல் 300 மி.மீ. இடைவெளியில் கெட்டியான நுரைக் கட்டைகள், ஏறக்குறைய 600. அவற்றின்மேல் 12 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டு அடுக்கு. கடையில் கிடைக்கும் பலகை 2440-க்கு 1220 மி.மீ.; வெட்டில் வீணாவதையும் சேர்த்து அடுக்குக்கு 18, மொத்தம் 36 பலகை. முதல் அடுக்கு ஒரு வாட்டத்தில், இரண்டாவது அதற்குக் குறுக்கே. மேல் இணைப்பு கீழ் இணைப்பின்மேல் விழக் கூடாது. பசை பூசி, 150 மி.மீ.-க்கு ஒரு திருகு, திருகின் தலை பலகைக்குள் அமுங்கும்படி. நாலு சுவரிலும் 12 முதல் 15 மி.மீ. இடைவெளி விட்டு, அதைச் சட்டத்தால் மூடுங்கள்.

அந்த இடைவெளியை விடாததுதான் அதிகம் நடக்கும் தவறு. கடற்கரை ஈரத்தில் ஜனவரியில் மரம் உப்பும். போக இடம் இல்லாவிட்டால் நடுவில் தொப்பை போடும். அடுத்த தவறு பளபளவென்று வார்னிஷ் அடிப்பது. வியர்த்த காலுக்கு அது சறுக்குமரம். மங்கலான, பிடிப்புள்ள பூச்சு கேட்டு வாங்குங்கள். கரையான் மருந்திட்ட மரம்தானா என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கல்யாணத்துக்கு வாடகை விட்டால் அந்தப் பலகையின்மேல் இரும்பு நாற்காலி, ஹீல்ஸ் செருப்பு, அடுப்பு எதுவும் வரக் கூடாது. வரும் என்று தெரிந்தால், 2 மீட்டர் சதுரத் துண்டுகளாகச் செய்து, கழற்றிச் சுவரோரம் நிறுத்திக்கொள்ளும்படி வையுங்கள். கொக்கிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

வாத்தியம் வாங்கித் தருகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். பத்து மிருதங்கம் வாங்கிப் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஐந்து வாங்கி மீதிப் பணத்தைத் தோலுக்கு ஒதுக்குங்கள். வலது முகமான வலந்தலையில் மூன்று அடுக்குத் தோல், நடுவில் கல்பொடியும் சோறும் குழைத்துப் பூசிய கரணை. பகல் வெயிலில் காரின் டிக்கியில் ஒரு மணி நேரம் கிடந்தால் போதும், கரணை வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். இடது முகமான தொப்பியில் ஒட்டிய ரவையை வகுப்பு முடிந்ததும் வழித்தெடுத்துத் துடைக்காமல் வைத்தால், டிசம்பர் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். அந்த வாசனைக்கு எலி வந்து தோலையும் சேர்த்துக் கடிக்கும். வாரம் நாலு வகுப்பு வாசிக்கும் வாத்தியத்துக்கு ஆண்டுக்கு ஒரு வலந்தலையாவது மாற்ற வேண்டி வரும். மூட்டு இறக்கி வார் பிடிக்கத் தெரிந்தவர் இந்த மாகாணத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஆரம்பப் பிள்ளைகளுக்கு ஃபைபர் உடலும் நட்டு போல்ட்டும் உள்ள மிருதங்கமே நல்லது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த மூத்த மாணவர் சுருதி சேர்த்துவிடுவார். நாதத்தில் பலாமரத்துக்கு ஈடாகாது என்று வித்துவான்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வாசிக்க முடியாத பலாவைவிட வாசிக்க முடிந்த ஃபைபர் மேல்.

அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். ஒரு சாண் தள்ளி வையுங்கள், சுவரின் ஈரம் ஏறாது. ஹார்மோனியத்தின் பித்தளை நாக்குகள் கடல்காற்றில் பச்சை பிடிக்கும். துணி போர்த்தி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சாவி ஒன்று ஆசிரியரிடமும் ஒன்று குழுவில் ஒருவரிடமும் இருக்கட்டும். சாவிக்காரர் கல்யாணத்துக்குப் போனதால் வகுப்பு நடக்கவில்லை என்பது நகைச்சுவை இல்லை, ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது.

இனி வரிச்சலுகை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் நல்ல எண்ணத்தோடு பெரிய தவறு நடக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, ஒப்புதல் பெற்ற பொதுநல அமைப்புக்குத் தரும் நன்கொடையை, வரிக்குரிய வருமானத்தின் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். மீந்தது அடுத்த ஆண்டுக்குப் போகும். 36 விழுக்காட்டு வரிப்படியில் இருப்பவர் 10,000 ரேண்ட் தந்தால் 3,600 ரேண்ட் வரி மிச்சம். இதைச் சொன்னால் கொடையாளி மகிழ்ந்து கையெழுத்திடுவார். ஆனால் பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரம் வேறு, 18ஏ ஒப்புதல் வேறு. சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை இரண்டு பகுதியாக இருக்கிறது. முதல் பகுதியில் உள்ள பணிகளைச் செய்கிற அமைப்புக்கு அதன் வருமானத்தில் வரிவிலக்கு. கலை பண்பாடும் சமயமும் அங்கே இருக்கின்றன. கொடையாளிக்குக் கழிவு தரும் இரண்டாம் பகுதியில் இருப்பவை சமூகநலம், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழலும் விலங்குநலமும், நிலமும் வீடும். கலை அதில் இல்லை. சமயமும் இல்லை.

ஆக, கோயில் அறக்கட்டளை தன் பெயரில் 'வரிக்கழிவு உண்டு' என்று ரசீது அடித்துக் கொடுத்தால் அது செல்லாது. வரித்துறை கேட்கும் நாளில் சங்கடம் கொடையாளிக்கும்தான். வழி இல்லாமல் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் கற்றலுக்குத் துணைநிற்கும் திட்டங்கள், வேலையில்லாதவர்களுக்கு வேலைக்கான பயிற்சி ஆகியவை கல்விப் பிரிவுக்குள் வரும். பள்ளியோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து, பாடத்திட்டத்தோடு இணைத்து நடத்தும் இசை, நடனம், தமிழ் வகுப்புகளை அந்தக் கோணத்தில் விண்ணப்பிக்கலாம். ஏற்பதா இல்லையா என்பது வரித்துறையின் முடிவு. ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை 18ஏ என்ற சொல்லே உங்கள் துண்டறிக்கையில் வரக் கூடாது. இரண்டு வகைப் பணியும் செய்யும் அமைப்பு, 18ஏ பணத்தை இரண்டாம் பகுதிப் பணிக்கு மட்டுமே செலவழித்ததாகத் தணிக்கைச் சான்று தர வேண்டும். அதற்கு ஒரே வழி தனி வங்கிக் கணக்கு. ஒரே கணக்கில் கலந்துவிட்டுப் பிறகு பிரிப்போம் என்பவர்கள் நிதியாண்டு முடியும் பிப்ரவரி மாதம் முழுக்கத் தூங்க மாட்டார்கள்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். கோயிலின் கிளையாக இல்லாமல் கலைப் பள்ளிக்கென்று தனி அமைப்பு விதிகள் எழுதுங்கள். பொறுப்பாளர்களில் குறைந்தது மூன்று பேராவது ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களாக இருக்க வேண்டும். அப்பா, மகன், மருமகன் என்று போட்டால் திரும்பி வரும். தனியொருவர் கையில் முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. சமூக மேம்பாட்டுத் துறையில் இலாபநோக்கற்ற அமைப்பாகப் பதியுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் இடைத்தரகரை அனுப்பிவிடுங்கள். பிறகு வரித்துறைக்கு, வரிவிலக்கு கோரும் ஈஐ 1 படிவம். பதிந்தபின் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து ஒன்பது மாதத்துக்குள் செயல் அறிக்கையும் கணக்கறிக்கையும் சமூக மேம்பாட்டுத் துறைக்குப் போக வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பெரிய கொடையாளி முதலில் பார்ப்பது இந்த அமைப்பு ஒழுங்காக அறிக்கை தந்திருக்கிறதா என்பதைத்தான். லாட்டரி ஆணையமோ தேசியக் கலை மன்றமோ எதுவானாலும் பழைய ஆண்டுகளின் கணக்கறிக்கை கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஆகவே பணம் இல்லாத ஆண்டிலும் அறிக்கையை எழுதி அனுப்புங்கள்.

ஊர் நிறுவனங்களிடம் போகும்போது வேறு கணக்கு. கருப்பின மக்கள் பொருளாதார மேம்பாட்டு விதிகளின்கீழ் நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அதில் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்கென நிறுவனத்தின் வரிபோக இலாபத்தில் 1 விழுக்காடு இலக்கு. முழு மதிப்பெண் கிடைக்க, பயன்பெறுவோரில் குறைந்தது 75 விழுக்காட்டினர் அந்தச் சட்டம் கருப்பினத்தவர் என்று வரையறுப்பவர்களாக இருக்க வேண்டும். ஆப்பிரிக்கர், கலர்ட் எனப்படும் கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் அதில் அடக்கம். ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ரேண்டுக்குக் கீழே உள்ள கடைக்காரருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவரிடம் மதிப்பெண் பேசாதீர்கள், அரிசி மூட்டையோ ஒட்டுப்பலகையோ கேளுங்கள், மகிழ்ந்து தருவார். மற்ற நிறுவனங்களுக்கு வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டும். அதில்லாமல் மதிப்பீட்டாளர் ஏற்க மாட்டார்.

அந்தப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கும் என்பதும் ஒரு கேள்விதான். கரும்புப் பகுதியில் வகுப்பறைக்கு வெளியே நின்று பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜூலு பேசுகிறவர்கள். கதவைத் திறந்து விடுங்கள். பொதுநல அமைப்பு என்றால் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், சிறு குழுவுக்கு மட்டும் என்றால் ஒப்புதலே கிடைக்காது. சட்டம் இருக்கட்டும், தாளம் தட்டத் தெரிந்த கைக்குச் சாதி என்ன, இனம் என்ன? பாட்டைத் தமிழ் எழுத்தில் மட்டும் கொடுக்காமல் ஆங்கில எழுத்திலும் அச்சிட்டுக் கொடுங்கள். நம் சொந்தப் பேரப்பிள்ளைகளுக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது என்பது நமக்கே தெரியும்.

மாதச் சந்தா திரட்டுவோருக்கு இரண்டு எச்சரிக்கை. வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கும் 100 ரேண்ட் ஜனவரியில் திரும்பும். பள்ளிக் கட்டணம், சீருடை, டிசம்பர் செலவின் பாக்கி எல்லாம் அந்த மாதம்தான். திரும்பியவர்களைத் துரத்தாதீர்கள், பிப்ரவரியில் சரியாகிவிடும். அதற்காக மூன்று மாதச் செலவை, மேலே சொன்ன கணக்கில் 31,500 ரேண்டை, தொடாத கையிருப்பாக வைத்த பிறகே வகுப்பைத் தொடங்குங்கள். இன்னொன்று, ஒரே பெரிய கொடையாளியின் தோளில் ஏறி உட்காராதீர்கள். 2022 அக்டோபரில் டொங்காட் ஹுலெட் சர்க்கரை நிறுவனம் வணிக மீட்பு நடைமுறைக்குள் போனதைப் பார்த்தோம். எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் நெருக்கடியில் முதலில் சுருங்குவது நன்கொடைப் பைதான். எவரிடமிருந்தும் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதீர்கள்.

காப்பீடு: கலவரச் சேதத்துக்குச் சாஸ்ரியா என்ற அரசுக் காப்பீட்டு நிறுவனத்தின் பாதுகாப்பு வேண்டும், சாதாரணக் காப்பீடு அதைத் தராது என்பதை 2021 ஜூலையில் பலர் தாமதமாகத் தெரிந்துகொண்டார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் அறிவுரை, வாத்திய அலமாரியின் கீழ்த்தட்டு தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கட்டும்.

ஆசிரியரை அமர்த்தும்முன் இரண்டு சரிபார்ப்பு கட்டாயம். சிறுவர் சட்டத்தின்கீழ் உள்ள தேசியச் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் அவர் பெயர் இல்லை என்பதற்கு வேலை தருபவர் படிவம் 29-இல் விண்ணப்பிக்க வேண்டும். பாலியல் குற்றவாளிகள் பதிவேடு தனி, அதற்கும் சான்று வேண்டும். 'நம்ம குருக்கள் மகன்தானே' என்று விட்டுவிடாதீர்கள். பதில் வரத் தாமதமாகும், ஆகவே பருவம் தொடங்குவதற்கு மாதங்களுக்கு முன்பே அனுப்புங்கள்.

கடைசியாகக் கூத்து. இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் மாறிப்போன தெருக்கூத்தை, 1860-இல் தொடங்கி வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகள் தோட்டத்து லயன் குடியிருப்புகளில் விடிய விடிய ஆடினார்கள். இன்று முழு இரவும் பாடத் தெரிந்த வாத்தியார்கள் மிகச் சிலர், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. இதற்கு வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்க முடியாது. ஒரு வார இறுதிக்கு ஒலிப்பதிவுக் கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத கோப்பாகப் பதியுங்கள். வாத்தியாரின் குரலுக்கு ஒரு மைக், ஹார்மோனியத்துக்கும் மத்தளத்துக்கும் தள்ளி ஒன்று; ஒரே மைக்கில் எடுத்தால் தாளச் சத்தம் பாட்டின் சொல்லை விழுங்கிவிடும். அவருடைய கையெழுத்து நோட்டுகளை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரதி ஒன்று உங்களிடம், ஒன்று குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில். வாத்தியாருக்கு அந்த இரண்டு நாளுக்கும் ஊதியம் கொடுங்கள், சால்வையோடு நிறுத்திவிடாதீர்கள்.

அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, இந்நாட்டில் புழங்கும் மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றுக்கு மதிப்புக் கிடைக்கும்படி ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. அந்த வரியைக் காட்டி அரசிடம் கேட்பது நம் உரிமை, கேட்போம். அதுவரை உங்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்று தீர்மானங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்: திருவிழா வசூலில் பத்தில் ஒரு பங்கு கலை வகுப்பின் தனிக் கணக்குக்கு, புதன் மாலையும் சனி காலையும் மண்டபம் வாடகைக்கு இல்லை, பெயர்ப் பலகை வேண்டுவோருக்கு, ஒரு வகுப்பின் ஓராண்டுச் செலவை ஏற்றால் பலகையில் இடம். பலகை மரத்தில் இருக்கட்டும், ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கரும்புப் பகுதிக் கலை ஆசிரியர்கள், வாத்தியம் பழுது பார்ப்போர், கணக்கர்கள்
குவாசுலு-நேட்டால்